அறுபது சுற்றுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பென்னலூர் ஸ்பிரிங் தொழிற்சாலையில் சுப்பராயலுவிடம் யாரும் மணி கேட்பதில்லை. கேட்டால் மணியோடு நிற்காது. "பத்து இருபத்தேழு. ஆனா இந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு செகண்டு முந்தும், போன ஞாயித்துக்கிழமை திருப்பி வெச்சது, அப்போ..." என்று அவர் கழித்து முடிப்பதற்குள் கேட்டவரின் டீ ஆறியிருக்கும்.

அவர் டைம் ஆபீஸ் எழுத்தர். வாலாஜாபாத்தில் பிறந்து, இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கம்பெனியில் ஆட்கள் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதி வந்தார். சம்பளம் அதற்குத்தான். சம்பளம் இல்லாமல், மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்பதையும் எழுதினார். ஒருமுறை அந்த நோட்டுகளை மின்வாரிய அலுவலகத்துக்குச் சுமந்துகொண்டு போனார். அங்கிருந்த பொறியாளர் மரியாதையாக நாலு பக்கம் புரட்டிவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். அது பாராட்டல்ல என்று புரிய அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

1991 ஜூலையில் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. காரணம் சம்பளப் பிரிவு ரஞ்சனி. இருநூற்று எண்பது பேருக்கு ஷிப்ட், ஓ.டி., விடுப்பு எல்லாம் கணக்குப் போட்டு, ஏழாம் தேதிக்குள் பட்டியல் தர வேண்டியவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியும் ஆறாம் தேதியும் பிள்ளைப்பாக்கம் போகும் ஏழேகால் பஸ்ஸை விட்டுவிடுவாள். அதுதான் கடைசி பஸ். அப்புறம் அவள் கணவன் சைக்கிளில் வந்து, தூங்கும் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, இவளைப் பின்னால் ஏற்றிப் போக வேண்டும்.

சென்னையிலிருந்து பரசுராமன் என்ற விற்பனைக்காரர் வந்தார். அவரிடம் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று 386. இன்னொன்று, அதைவிட வேகமான, சந்தைக்கு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த 486. கூடவே ஒரு வழவழப்பான விளம்பரத் தாளையும் நீட்டினார். அதில் மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றின் படம் இருந்தது.

"இதோட பிராசசர் வேலை இல்லாதப்ப தானாவே தூங்கிடும் சார். கரண்டு மிச்சம். அடுத்த வருஷம் தாராளமா கிடைக்கும்" என்றார் பரசுராமன்.

"தூங்கறதுக்கு ஸ்டோர்ஸ்ல ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க. முழிச்சிருக்கிறதா ஒண்ணு காட்டுங்க" என்றார் சுப்பராயலு.

மேனேஜர் நரசிம்மனுக்கு ஒரே ஒரு கவலைதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மலிவாகக் கிடைத்தது என்று ஒரு யூபிஎஸ்ஸை வாங்கிப் போட்டிருந்தார். மின்சாரம் போனால் அது அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இருநூறு வாட்டுக்கு மேல் இழுத்தால் நின்றுவிடும். பேட்டரி இன்னும் வராததால் நேராக மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. பெரிய யூபிஎஸ் வாங்க இந்த வருடம் அனுமதி கிடையாது.

"இருநூறுக்குள்ள எது வருதோ அது. ரெண்டுமே வந்தா வேகமானது. அளந்து எழுதிக் கொடுங்க மிஸ்டர் சுப்பராயலு" என்றார்.

ஐம்பத்தேழு வயதில், ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது, சுப்பராயலுவிடம் ஒருவர் முதல்முறையாக எழுதித் தரும்படி கேட்டார். அன்று அவர் வீட்டில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

எலக்ட்ரீஷியன் ரத்தினம் கம்ப்யூட்டர் அறையில் மேஜைக்கு மட்டும் தனியாக ஒரு மீட்டர் மாட்டிக் கொடுத்தான். ஏ.சி., விளக்கு, எதுவும் அதில் சேராது. மீட்டருக்குள் கறுப்புப் புள்ளியோடு ஒரு தகடு சுற்றும். அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட். அப்படியென்றால் இருநூறு வாட் இழுக்கும் பொருளுக்கு அரை மணியில் சரியாக அறுபது சுற்று. சுப்பராயலு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, மீட்டருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கையில் இரண்டு டம்ளர்கள். கறுப்புப் புள்ளி ஒருமுறை வந்துபோனால், கழிவாகத் தள்ளிய ஸ்பிரிங் ஒன்றை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு மாற்றுவார். தும்மல் வந்தாலும் அடக்கிக்கொண்டார்.

முதல் வாரம் 386. ரஞ்சனி முழுச் சம்பளப் பட்டியலையும் ஓட விட்டாள். ஐம்பத்திரண்டு நிமிடம். அரை மணிக்கு ஐம்பத்தைந்து சுற்று. தேறியது.

அடுத்த வாரம் 486 வந்தது. அதே பட்டியல் இருபத்தோரு நிமிடத்தில் முடிந்தது. ரஞ்சனி நம்பாமல் மறுபடியும் ஓட்டினாள். இருபத்தொன்றுதான்.

"சார், நடுவுல கரண்டு போனாகூட யூபிஎஸ்லயே முடிச்சிடலாம் சார். அந்த 386-ன்னா பாதியில நின்னு, மறுபடியும் முதல்லேர்ந்து ஓட்டணும்."

"வேகம் என் கையில இல்லம்மா. சுத்து என்ன சொல்லுதோ அதான்."

அளக்கும் நாளன்று ரஞ்சனி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையார் படம் கொண்டுவந்து மேஜைக்கு மேலே மாட்டினாள். படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. வேறு பிளக் பாயிண்ட் இல்லாததால் அதை மேஜையின் போர்டிலேயே சொருகினாள். அரை மணிக்கு அறுபத்திரண்டரை சுற்று வந்தது. இருநூற்றெட்டு வாட். தேறவில்லை.

சுப்பராயலு மறுபடி அளந்தார். மறுநாளும் அளந்தார். அறுபத்திரண்டரையிலிருந்து ஒரு புள்ளி அசையவில்லை. அந்தத் துல்லியம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை ஏழு பக்க அறிக்கை கொடுத்தார். போர்டில் என்னென்ன மாட்டியிருந்தது என்ற பட்டியலும் அதில் இருந்தது. கம்ப்யூட்டர், திரை, அப்புறம்: 'சாமி படத்துப் பல்பு, ஜீரோ வாட். மின்சாரம்: 0.'

"நிஜமாவே அறுபதைத் தாண்டிச்சா சார்?" என்று ரஞ்சனி கேட்டாள். "பிள்ளையாரே பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிட்டுதே."

"பிள்ளையாருக்கு இதுல பங்கு இல்லம்மா" என்றார் சுப்பராயலு.

சனிக்கிழமை 486-ஐ எடுத்துப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை, மீட்டரின் கடைசி எண்ணைக் குறித்து வைக்க சுப்பராயலு அறைக்குப் போனார். மேஜை காலி. ஆனால் தகடு சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான், கோயில் யானை திரும்புகிற மாதிரி. ஆனால் சுற்றியது.

"ரத்தினம்! யாரோ இந்த லைன்ல கரண்டு திருடறாங்க!"

ரத்தினம் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு வந்தான். பார்த்தான்.

"திருடன் அதோ மேல குந்திகினு கீறான், கும்பிட்டுக்கோ சார். சாமி பல்பு எரியுது பாரு."

"அது ஜீரோ வாட்டுப்பா."

"அதுக்கு?"

"ஜீரோன்னா ஒண்ணும் இழுக்காது."

ரத்தினம் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தான். "இன்னா சார் நீ, வெளிச்சம் வருதா இல்லியா? சும்மா எங்கேர்ந்து வரும்? பேரு ஜீரோ. இழுக்கிறது பதினஞ்சு வாட்டு. டெஸ்ட் லேம்ப் புடிக்கிற எனக்குத் தெரியும், மீட்டர் முன்னாடி மூணு நாளு தவம் பண்ண உனுக்குத் தெரியாதா?"

சுப்பராயலு பிளக்கைப் பிடுங்கினார். தகடு நின்றது. சொருகினார். சுற்றியது. ஏழு முறை அப்படிச் செய்தார். பிறகு கடிகாரத்தை எடுத்து ஒரு சுற்றுக்கு நேரம் பார்த்தார். ஆறு நிமிடம் நாற்பது செகண்டு. அரை மணிக்கு நாலரை சுற்று. அறுபத்திரண்டரையில் நாலரை போனால் ஐம்பத்தெட்டு.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டில் கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று என்று ஐந்து ஜீரோ வாட் பல்புகள் பதினெட்டு வருடமாக விடிய விடிய எரிவது ஞாபகம் வந்தது. தொழிற்சாலையின் நடைவழியில் குழல் விளக்குகளைக் கழற்றி நாற்பது ஜீரோ வாட் மாட்டச் சொன்னவர் அவர்தான். அந்த நாற்பதுக்கும் அவர் நோட்டில் சைபர் போட்டிருந்தார், அடிக்கோடிட்டு.

386-க்கான ஆர்டர் கடிதம் டைப் ஆகி மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ரூபாயின் மதிப்பு இறங்கிய பிறகும் பழைய விலைக்கே தருவதாகப் பரசுராமன் சொல்லியிருந்தது இந்தச் சனிக்கிழமை வரைதான். அறிக்கையின் ஐந்தாம் பக்கத்தில் உள்ள அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை. அவருடைய எந்த வரியையும் யாரும் படித்ததில்லை. பேசாமல் இருந்தால் நவம்பரில் மாலையோடு வீட்டுக்குப் போகலாம். ரஞ்சனி மாதத்தில் இரண்டு நாள் சைக்கிளின் பின்னால் போவாள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் அரை நிமிடத் தாமதத்துக்குக்கூட சிவப்பு மை போட்ட மனிதர், தனக்கு எந்த மை போடுவது என்று யோசித்தார். அப்படி யோசித்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போனார்.

மேனேஜர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஜீரோன்னு பேரு. நானும் ஒண்ணும் இழுக்காதுன்னுதானே நினைச்சிட்டிருந்தேன்?"

"நீங்க நினைக்கலாம் சார், நீங்க மேனேஜர். நான் அளக்கிறவன்."

கடிதம் இழுப்பறைக்குள் போனது. 486 மறுபடி வியாழக்கிழமை வந்தது. செய்தி தெரிந்து ரஞ்சனியின் முகம் சிறுத்துப்போனது.

"அப்போ கெடுத்தது நான்தானா சார்? வேண்டிக்கிட்டு மாட்டினேனே!"

"பல்பு மாட்டினது நீ. அதுக்கு சைபர் எழுதினது நான். அழறதா இருந்தா நான்தான் அழணும், நகரு."

இந்த முறை பல்பைக் கழற்றியாயிற்று. எண்ணுவதற்கு மேனேஜர் சுப்பராயலுவை விடவில்லை. ரஞ்சனியும் ரத்தினமும் எண்ணினார்கள். அவர் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரத்தினம் இருபதைத் தாண்டியதும் வேண்டுமென்றே, "இருவத்திமூணா, இருவத்திநாலா? பெரியவரே, நீங்க பாத்தீங்களா?" என்று கத்தினான். அவர் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் இருபத்தைந்து என்று அவருக்குத் தெரியும்.

அரை மணி முடிந்தது. ஐம்பத்தெட்டு. ரஞ்சனி ஸ்பிரிங் டம்ளரை மேனேஜரிடம் நீட்டினாள். இவ்வளவு நாளும் அதற்குள் இருந்தது தன் பஸ்தான் என்பதுபோல அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பழைய அறிக்கையைக் கிழிச்சிட்டு புதுசா ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார் நரசிம்மன்.

சுப்பராயலு கிழிக்கவில்லை. பழைய ஏழு பக்கத்தோடு எட்டாவதாக ஒரு பக்கம் சேர்த்துக் கட்டினார். பிழை எது, யாருடையது, எத்தனை வாட், நடைவழிப் பல்புகள் நாற்பது, தன் வீட்டுப் பல்புகள் ஐந்து உட்பட.

"இது ஹெட் ஆபீசுக்குப் போகும். சிரிப்பாங்க" என்றார் மேனேஜர்.

"சிரிக்கட்டும் சார். சிரிச்சா, ஒருத்தராவது கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு தெரியும்."

ஆகஸ்ட் ஆறாம் தேதி 486 சம்பளப் பட்டியலை நான்கு முறை ஓட்டியது. மூன்று முறை ரஞ்சனி ஓ.டி. திருத்தினாள், நான்காவது முறை சரியாக வந்தது. ஐந்தரை மணிக்கு அவள் கம்ப்யூட்டருக்குத் துணி உறையைப் போட்டுவிட்டுப் பையை எடுத்தாள். அடித்த பட்டியலை சுப்பராயலுவின் மேஜையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை சேர்ந்து பார்த்துடலாமாம்மா?"

"நீங்க பாருங்க சார். ஆறு மணி பஸ்ஸு இருக்கு, அதுலயே போயிடறேன். குழந்தை முழிச்சிட்டு இருப்பான்."

செருப்பை, வாரைக்கூடச் சரிபண்ணாமல் மாட்டிக்கொண்டு ஓடினாள். சுப்பராயலு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருநூற்று எண்பது பெயரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு தப்பும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.