நாலு விரல் தள்ளி

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மைதானம் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஒன்பது குழி, நெருஞ்சி, வேலிகாத்தான், ஆடுகள். சித்திரை வந்தால் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். அதிகாரிகளுக்காகப் போட்டது அது. ஆடுவதற்கு அதிகாரிகள் போதவில்லை என்று எண்பதுகளின் கடைசியில் எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்து மெஷின் ஷாப்பில் இரும்பு சீவிக்கொண்டிருந்த எனக்கு நாற்பது வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது அப்படித்தான்.

இந்த ஆட்டத்தில் குறைவாக அடிப்பவன்தான் ஜெயிப்பான். ஒன்பது குழியை இரண்டு சுற்று வந்து, மொத்தம் எத்தனை அடியில் முடித்தோம் என்பதுதான் பேச்சு. தொண்ணூறுக்குள் முடித்தால் ஏதோ ஆடத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொள்வார்கள். நாலு வருஷமாக எனக்குத் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றைந்து, ஒருமுறை சரியாகத் தொண்ணூறு. ஒரே ஒரு அடியில் போயிற்று.

அதற்காக என்னவெல்லாம் செய்தேன். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் சாக்கை விரித்து அதன்மேல் கோல்ஃப் ஸ்டிக்கை வீசிப் பழகினேன். கோடையில் வெள்ளானூர்ப் பக்கம் ஏரி வற்றியதும் அங்கே போய் நாற்பது பழைய பந்துகளை அடித்துவிட்டு, நானே நடந்து பொறுக்கி, மறுபடி அடிப்பேன். “பொறுக்கணும்னு அவ்வளவு ஆசைன்னா வாங்க, அரிசியில கல்லு கெடக்கு” என்பாள் மனைவி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவள் சொல்வதில் தப்பில்லை.

எங்கள் மைதானத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பந்து வெடிப்பிலோ முள்ளிலோ கிடந்தால் ஸ்டிக்கின் தலையாலேயே ஒரு சாண் தள்ளி, நல்ல இடத்தில் வைத்துக்கொண்டு அடிக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டிக்கும் போகும், மணிக்கட்டும் போகும். நாளடைவில் பந்து நல்ல இடத்தில் கிடந்தாலும் தள்ளுவோம். மெஷினைத் தொடும் முன் கையைத் துணியில் துடைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிட்டிக்குள் இருந்த ஒரு புல்தரை மைதானத்திலிருந்து போட்டிக்கு அழைப்பு வந்தது. எங்கள் கிளப் செயலாளர் என்னிடம், “அங்க தொண்ணூறுக்குள்ள கார்டு கொண்டாங்க, நம்ம கிளப் டீம்ல பாக்கி இருக்கற ஒரு எடம் உங்களுக்குத்தான்” என்றார். டூல் ரூமில் வேலை செய்யும் மண்ணூர்பேட்டைக்காரன் ஒருவன் என்னோடு ஆடுவான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனும் வந்தான். என் ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, எஸ்டேட் ரோடு முழுக்க என் ஆட்டத்தைக் கிண்டலடித்துக்கொண்டே வந்தான்.

அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். பந்து கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன். எங்களோடு வரவேண்டிய மூன்றாவது ஆள் வராததால் நாங்கள் இருவர் மட்டும் ஆடினோம். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று அவன் கார்டை நான் எழுத, என் கார்டை அவன் எழுதினான்.

அந்தப் புல்லில் பந்து என் பேச்சைக் கேட்டது. பத்தாவது குழி தாண்டியதும் தொண்ணூறுக்குள் வந்துவிடுமோ என்று தோன்றியது. கூட்டிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது முடிந்ததும் அவனே சொல்லிவிட்டான்.

“அண்ணாத்தே, எம்பத்தி நாலு கீது. இன்னும் அஞ்சுல முட்ச்சா போதும்.”

“வாய மூடுல” என்றேன். உள்ளங்கை வியர்த்து ஸ்டிக் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

கடைசிக் குழி. முதல் அடி நேராகப் போனது. இரண்டாவதும் நன்றாகத்தான் போனது. மூன்றாவதை அடித்தேன், பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்பாடா என்று கீழே பார்த்தேன். முதல்நாள் மழையில் புல் ஈரமாக இருந்தது. இரண்டாவது அடியில் பந்து வந்து விழுந்த பள்ளம் ஒன்று தெரிந்தது. என் ஸ்டிக் மண்ணைப் பெயர்த்த தடம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் அகலம்.

தள்ளியிருக்கிறேன். எப்போது தள்ளினேன் என்று தெரியவில்லை. இரண்டு அடியில் பந்தைக் குழிக்குள் போட்டேன். எண்பத்தொன்பது.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கம் பக்கம் பார்த்தான்.

“யார் பாத்தா? நானே பாக்கல. கம்முனு கையெழுத்து போட்டுகினு வா.”

நானும் அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். கார்டு கொடுக்கும் மேஜை வரை அந்த நினைப்போடுதான் நடந்தேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கார்டை வாங்க அவர் கையை நீட்டியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கடைசிக் குழியில பந்தத் தள்ளிட்டேன் சார்.”

“திருப்பி அதே எடத்துல வெச்சீங்களா?”

“இல்ல சார். அடிச்சப்புறந்தான் பாத்தேன்.”

“அப்ப தண்டனையா ரெண்டு அடி சேரும். தொண்ணூத்தொண்ணு.” பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். “ஏன் தள்ளுனீங்க?”

“பழக்கம் சார். எங்க கிரவுண்டுல தள்ளலாம். கை தானா தள்ளிருது.”

அவர் என்னைக் குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். “கை தானா தள்ளிருதுன்னா, மத்த பதினேழு குழியில?”

“அத்தெல்லாம் ஒண்ணியும் இல்ல சார், நான் கூடவேதான் இருந்தேன்” என்று அவன் ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தி, தன் ஸ்டிக்கைக் குனிந்து பார்த்தான். அவனும் எங்கள் மைதானத்தில் தள்ளிப் பழகியவன்தான்.

நான் ஒவ்வொரு குழியாக யோசித்தேன். மூன்றாவதில் மரத்தடியில் கிடந்ததே, அது? ஏழாவதில் பந்து நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததே, தானாக உட்கார்ந்ததா, நான் உட்கார வைத்ததா? எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் கார்டோடு காத்திருந்தார்கள்.

“தெரியல சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். கார்டை ஏற்றுக்கொள்ளாமல் என் பக்கமே திருப்பி நகர்த்தினார். அவமானத்தில் காது சுட்டது. தொண்ணூறுக்குள் வர நாலு வருஷம் செத்தேன். அதில் ஒருநாள்கூட, தள்ளியதையும் சேர்த்து நான் எத்தனை அடித்தேன் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.