நோகாத தோளுக்குச் செய்த வைத்தியம்

தவறாகச் செய்த ஒன்றினால் வலி போய்விட்டால், ஒருவர் அதற்குப் பிறகு எதை நம்புவது? சீப்பண்ணனின் வாழ்க்கை ஐம்பது வயதுக்கு மேல் அவர் முன்னால் வைத்த கேள்வி இது.

அவர் முடிதிருத்துபவர். காதில் செருகிய சீப்பை எடுக்க மறந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. கடையில் இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டியது அவருடையது, உள்ளே இருப்பது மனைவியின் தம்பியுடையது. இரண்டுக்கும் எதிரே சுவர் நிறையக் கண்ணாடி. வருகிறவர்களோடு அவர் பேசுவதுகூட அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் முகத்தோடுதான். கடைக்கு வெளியே எதிரில் வந்தால் சிலரை அடையாளம் தெரியாமல் விழிப்பார்.

ஒரு கோடைக்காலத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. கழுத்தடியில் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் யாரோ துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு. கையைத் தூக்கினால் கண்ணில் நீர் கட்டியது. ஒரு வங்கிக்காரரின் கிருதா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிப் போயிற்று.

மச்சினன் இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கை தூக்க முடியலைன்னா உங்க நாற்காலிக்கு ஒரு ஆளப் போட்டுடலாம். நீங்க கல்லாவுல உக்காருங்க."

"கல்லாவுல உக்காந்து நான் என்னடா பண்றது?"

"சும்மா உக்காந்திருங்க."

அந்தச் 'சும்மா'தான் அவரைப் பிசியோதெரபிக்குக் கிளப்பிவிட்டது.

பச்சைத் திரை போட்டுத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். தோளில் சூடான பையை வைத்தார்கள். பிறகு ஏதோ குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியால் வட்டமாகத் தேய்த்தார்கள். கடைசியில் இரண்டு பட்டைகளை ஒட்டி மின்சாரம் வைத்தபோது தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது.

"டாக்டரம்மா, இது எதுக்கு?"

"நான் டாக்டர் இல்லைங்க, பிசியோ. வலி கொஞ்சம் மட்டுப்படும். ஆனா வீட்ல நீங்க செய்யிறதுதான் பெரிசு."

அந்தப் பெண் அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு உள்ளங்கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, தலையை மறுபக்கம் மெதுவாகச் சாய்த்தாள்.

"தோள் மேல ஏறக் கூடாது. இழுக்கிறது தெரியணும், வலிக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்காதீங்க, தலையைக் குலுக்காதீங்க. பாத்துக்கிட்டீங்கல்ல?"

பார்த்துக்கொண்டார். செய்து காட்டுவதற்குள் அடுத்த திரைக்குள்ளிருந்து யாரோ கத்த, அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் செய்தார். மனைவி பார்த்துவிட்டு, "யாருங்க அது, காதுல ரகசியம் சொல்றது?" என்றாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கத்தரிக்கோல் காதுக்கு மேலே ஏறியது. மச்சினன் ஆள் தேடுவதை நிறுத்தினான்.

மறுபடி போனபோது பிசியோவுக்கும் சந்தோஷம். "எங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். செய்தார். அவள் முகம் மாறியது.

"வலி எந்தத் தோள்ல?"

"வலதுல."

"இப்ப இழுக்கிறது எது?"

சற்று யோசித்தார். "இடதும்மா."

"இப்படிச் செய்ய யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். இந்தப் பக்கமாத்தானே சாஞ்சீங்க?" என்று தன் வலப்பக்கத்தைக் காட்டினார்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எதிர்ல உக்காந்தது என் தப்பு. கண்ணாடியைப் பாக்கிற மாதிரி பாத்திருக்கீங்க!"

வேறு எப்படிப் பார்ப்பார்? பிழைப்பே அதுதானே.

"அப்ப எப்படிம்மா சரியாச்சு?"

"ஒத்தடம் குடுத்தோம், வேலையைக் கொறைச்சீங்க. சில வலி தானாவும் போகும். இதுல எதுன்னு கேட்டா..." கையைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலைங்க. இனிமே சரியான பக்கம் செய்ங்க."

அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்.

சரியான பக்கம் செய்தார். தோளில் தெரிந்தது இழுப்பா, பழைய வலி மறுபடி தலைகாட்டுகிறதா என்று பிடிபடவில்லை. மனைவியைக் கேட்டார்.

"நான் எந்தப் பக்கம் சாயிறேன்?"

"என் பக்கம்."

"உன் பக்கம்னா எது?"

"நான் எந்திரிச்சுப் போனா அதுவும் மாறிடும். பேசாம செய்ங்க."

சந்தேகம் தோளோடு நிற்காமல் கைக்கு இறங்கியதுதான் பெரிய தொல்லை. கண்ணாடியில் தெரியும் வாடிக்கையாளரின் காதைப் பார்த்தபடி கத்தரிக்கோலைக் கொண்டுபோவார். நடுவழியில் கை நிற்கும். இது இவருடைய எந்தக் காது? இத்தனை வருடம் கேட்காமலே அறிந்திருந்த கை, இப்போது அனுமதிக்குக் காத்திருந்தது.

"மறுபடியும் வலியா மாமா?"

"வலி இல்ல."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

சீப்பண்ணன் கத்தரிக்கோலைத் துணியில் துடைத்தார். மச்சினன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஆள் தேடும் பேச்சு உள்ளே கேட்டது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள் காலை. பிள்ளைகளும் அப்பாக்களும் வாசல் வரைக்கும் நின்றார்கள். சீப்பண்ணன் குனிந்து நாற்காலியின் அடியிலிருந்த திருகாணியைத் தளர்த்தினார். நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி மறுபடி முடுக்கினார்.

"மாமா, கண்ணாடி பின்னாடி இருக்கு."

"தெரியும்."

முதலில் உட்கார்ந்த சிறுமி கேட்டாள். "நான் எப்படித் தாத்தா இருக்கேன்?"

"இரு, முடிச்சுட்டுச் சொல்றேன்."

நேரே கண்முன் இருந்த காதுக்குக் கை போனது, எங்கேயும் நிற்கவில்லை. மாலையில் மச்சினன் யாரையோ அழைத்து, ஆள் வேண்டாம் என்று சொன்னான்.

தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் உள் நாற்காலிக்கு மாறினார்கள். மற்றவர்கள் தெருவைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆள் இல்லாத நேரங்களில் அவர் அதிலேயே உட்கார்ந்து கழுத்தைச் சாய்ப்பார், சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். ஏன் திருப்பினீர்கள் என்று மனைவி கேட்டாள், மச்சினன் கேட்டான், ஒருமுறை முடிவெட்ட வந்த பிசியோவும் கேட்டாள். "உக்காருங்கம்மா" என்று துணியை உதறினார். கடை இருந்தவரை அந்த நாற்காலி கண்ணாடியின் பக்கம் திரும்பவே இல்லை.