விழுந்தவனை நம்பாத ருத்திலியோ

மெக்சிகோவின் வாதுஸ்கோ ஊரில் ருத்திலியோ சமுதியோ வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘காலஞ்சென்றவர்’ வீடு என்று கேட்டால் காப்பிக்கொட்டை காயவைக்கும் ஆள்கூடக் கையைக் காட்டுவார். ருத்திலியோ உயிரோடு, நல்ல தொப்பையோடு இருக்கிறார். ஊர்க் கால்பந்து அணியில் ஃபார்வர்டாக ஆடிய காலத்தில் எதிரணியின் பெனால்டி பாக்ஸுக்குள் அடிக்கடி உயிரை விட்டதால் வந்த பட்டம் அது.

அவரை யார் இடித்தது என்று கேட்கக் கூடாது. இடிக்க வேண்டியவன் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பான், இவர் அதற்குள் புரண்டு முடித்திருப்பார். கல்லறைத் திருநாளை ஒட்டி ஆட்டம் வந்தால், ரசிகர்கள் வீட்டில் மிஞ்சிய சாமந்தியை அள்ளிவந்து அவர் விழுந்ததும் எறிவார்கள். பெனால்டி கிடைத்ததும் எழுந்து, சட்டையில் ஒட்டிய இதழ்களைத் தட்டிவிட்டு, அவரே அடித்துக் கோலாக்குவார். முட்டி நிஜமாகவே போன அன்று பூதான் நிறைய விழுந்தது.

அதோடு ஆட்டம் முடிந்தது. பிறகு அதே அணிக்குக் கோச் ஆனார். அணியின் முதலாளி அபுந்தியோ, காப்பி மில்காரர். அத்தனை குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார். அபுந்தியோ சொல்லும் காரணங்களை நான் பொதுவாக நம்புவதில்லை.

கோச் ஆன ருத்திலியோ விழுந்த எவனையும் நம்பவில்லை. பயிற்சியில் யாராவது காலைப் பிடித்துக்கொண்டால், “எந்தக் கால்?” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவே, மறுபடி கேட்பார். கால் மாறிவிட்டால் தொலைந்தான். சில சமயம் வாசலைப் பார்த்து “சாப்பிட டாக்கோ வந்தாச்சு!” என்று கத்துவார். படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடுவார்கள்.

அணியின் ஃபார்வர்ட் நிக்கானோர் மேல்தான் சந்தேகம் அதிகம். நன்றாக ஆடுகிறவன், அதனால் இருக்கலாம்.

“வாத்தியாரே, நெசமாவே வலிக்குது.”

“நானும் இப்படித்தான்டா சொல்வேன். ஆனா நான் சொல்றப்போ கண்ணுல தண்ணி வரும். உனக்கு அதுகூட வரல.”

அந்தப் பருவத்தில் அணி தோற்றுக்கொண்டே வந்தது. துறைமுகத்து அணி இங்கே ஆட வருவதற்கு முன் அபுந்தியோ கூப்பிட்டார்.

“இதுவும் தோத்தா மைதானத்துப் பக்கம் வர வேணாம், ருத்திலியோ.”

“டிரா ஆனா, முதலாளி?”

“பாரு, அதையும் சந்தேகத்தோடயே கேக்குற!”

வேலை போனால் மைத்துனன் கடையில் பன்றித்தோல் பொரிக்க வேண்டும். வா, வா, சட்டியைக் கழுவியே வைத்திருக்கிறேன் என்று அந்த மைத்துனன் ஞாயிறுதோறும் சிரிப்பான்.

ஆட்டத்தன்று தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. கடைசிக் கட்டம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. நிக்கானோர் பந்தோடு பாக்ஸுக்குள் நுழைந்தான். கதவு அகலத்தில் ஒரு தடுப்பாட்டக்காரன் குறுக்கே சறுக்கினான். இருவரும் சாய்ந்தார்கள். ரெஃப்ரி பிலிமோன், ருத்திலியோவிடம் அந்தக் காலத்தில் பலமுறை ஏமாந்தவர், விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். பெனால்டிதான்.

அப்போது கோட்டோரத்திலிருந்து எங்கள் கோச்சின் குரல்:

“டேய், எந்திரிடா! அப்பட்டமான நடிப்பு! எனக்கேவாடா?”

மைதானத்துக்கே கேட்டது. பிலிமோன் திரும்பி அவரைப் பார்த்தார். இந்தத் தொழிலில் ருத்திலியோவுக்கு மேல் யாரிடம் போய்க் கருத்துக் கேட்பது? விசில் இறங்கியது. ஆடுங்கள் என்று கையைக் காட்டினார். எங்கள் ஆட்கள் பெனால்டி கேட்டுக் கையைத் தூக்கி நின்றார்கள். துறைமுகத்துக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தார்கள். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

நிக்கானோர் எழவில்லை. முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, வளையக் கூடாத இடத்தில் கால் வளைந்திருந்தது. ருத்திலியோ ஓடிவந்து குனிந்தார்.

“எந்தக் கால்?” என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. துறைமுகத்துக்காரர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். ஆதாரம், அன்று அவர் போட்டிருந்த புதுத் தொப்பி. அபுந்தியோவும் தொப்பியைத்தான் பார்த்தார்.

“தோத்ததை விடு. எவ்வளவு குடுத்தாங்க, அதை மட்டும் சொல்லிட்டுக் கெளம்பு.”

“சத்தியமா இல்ல, முதலாளி. அவன் நடிக்கிறான்னுதான் நெனச்சேன்.”

“நீ சத்தியம் பண்ணா நான் என்ன செய்யணும்? பெனால்டி குடுக்கணுமா?”

வேலை போயிற்று. இத்தனை வருஷம் ஊரையே ஏமாற்றியபோது தலையில் பூப்போட்டார்கள். மனதில் பட்டதை ஒரே ஒரு நாள் சொன்னார், அயோக்கியன் என்றார்கள். அவர் மனதில் பட்டது தப்பு என்பது வேறு விஷயம்.

மறுவாரம் ஒரு பை இனிப்பு ரொட்டியோடு நிக்கானோர் வீட்டுக்குப் போனார். அவன் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தான். ருத்திலியோ உட்கார்ந்தார். மெல்லக் கையை நீட்டி, விரல் முட்டியால் கட்டைத் தட்டினார்.

“உள்ள யாரும் இல்ல, வாத்தியாரே,” என்றான் நிக்கானோர்.

“சும்மா பாத்தேன்டா.”

“நீங்க காசு வாங்குனதா ஊரே பேசுது.”

“நீ என்ன நெனைக்கிற?”

“வாங்கியிருந்தா இன்னும் நல்லா நடிச்சிருப்பீங்க.”

இவன் எதற்காகத் தன்னை நம்புகிறான் என்பதுபோல ருத்திலியோ அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, ஜன்னலோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு எதுவீகிஸ் வாசல் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன, எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. எழுந்து நடக்கிறானான்னு பாத்தேன்.”

“நடக்கிறானா?”

“இன்னும் இல்ல,” என்றார்.