தண்டவாளத்தில் திருநீறு

சனிக்கிழமை மத்தியானங்களில் என் கணவர் எங்கே போகிறார் என்று கோயிலில் யாராவது கேட்டால், முதல் இரண்டு வருஷமும் ஜெர்மன் வகுப்புக்கு என்றுதான் சொல்லிவந்தேன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற மனுஷன் விளையாட்டு ரயில் விடப் போகிறார் என்று எந்த வாயால் சொல்வது? சுவிஸ் நாட்டின் இந்த வின்டர்தூரில் எங்கள் ஆட்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைப்பதே அருமை. கிடைத்தால் லேசில் விடமாட்டார்கள்.

அவர் சேர்ந்திருந்தது சின்ன மாதிரி ரயில்கள் செய்து ஓட்டுகிறவர்களின் சங்கம். ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் கூடுவார்கள். எல்லோரும் சுவிஸ்காரர், முக்கால்வாசிப் பேர் ஓய்வூதியக்காரர். இவர் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய கதையில்லை. எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கிற அறையில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சங்க அறிவிப்பைப் பார்த்து ஒரு நாள் எட்டிப் பார்க்கப் போனார். அடுத்த கிழமையும் போனார். பிறகு கேட்பானேன்.

அந்தச் சங்கத்தின் வழக்கம் இதுதான். ஒவ்வொருவரும் ஒன்றரை மீற்றர் நீளத்தில் ஒரு பலகையைத் தன் வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும். அதன்மேல் மலை வைப்பதோ பாலம் வைப்பதோ அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு முனையிலும் தண்டவாளம் வந்து முடிகிற இடம் மட்டும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம், தை மாதக் கண்காட்சியில், எல்லாப் பலகைகளையும் திருகாணி போட்டு ஒன்றாகப் பூட்டுவார்கள். ரயில் ஒரு தலைப்பில் புறப்பட்டு எல்லோருடைய பலகையிலும் ஓடி மறு தலைப்புக்குப் போகும். ஒரு பலகையில் பிழை என்றால் முழு லைனும் நிற்கும்.

முதல் இரண்டு கண்காட்சியிலும் இவர் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றினார். மூன்றாம் வருஷம்தான் பலகை வைக்க இடம் கொடுத்தார்கள். அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வரைக்கும் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. சோபாவில் இருந்து மடியில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். மேசையில் ஒரு சின்ன ஸ்டேசன் வளர்ந்தது. பனிக்காலத்து ஸ்டேசன். போத்தலில் விற்கிற வெள்ளைத் தூளைப் பசை பூசித் தூவி, கூரையிலும் மரங்களிலும் சைக்கிள் இருக்கைகளிலும் பனி போட்டார். மேடையில் கிடக்கிற பனியைச் சவளால் அள்ளி வழிக்கிற ஒரு மனுஷனையும் வைத்தார்.

"ஊர் ஸ்டேசன் ஒண்டைச் செய்யுங்கோவன். ஒரு பனையெண்டாலும் வைக்கலாம்" என்றேன்.

"எனக்கென்ன ஊர் ஸ்டேசன் தெரியும்? நான் ஒவ்வொரு நாளும் விடிய ஏறுறது இதிலதானே" என்றார். உற்றுப் பார்த்தேன். உண்மைதான், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையிலுள்ள அதே ஸ்டேசன். டிக்கெட் இயந்திரம்கூட அதே மூலையில் நின்றது.

மேலே எல்லாம் அழகு. பயம் கீழேதான் இருந்தது. பலகைக்கு அடியில் ஓடிய வயர்களை அவர் நம்பவேயில்லை. ஈயம் பற்றவைத்த ஓரிடத்தை நாலு தரம் கழற்றி நாலு தரம் பூட்டினார். "போதுமப்பா, இது என்ன விமானமே?" என்று நான் எரிந்து விழுந்தபோது, "என்ர பலகையில வந்து நிண்டால்..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

முடிக்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் எந்த மெஷின் நின்றாலும் மேலாளர் நேரே இவரிடம்தான் வருவார். ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். பத்தில் எட்டுத் தரம் இவருடைய பிழையாக இராது. ஆனாலும் இவர் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவார். கேட்டுவிட்டால் கதை முடிந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. வீட்டில் மட்டும் என்ன வாழுதாம்? கண்ணாடிக் கோப்பை உடைந்த சத்தம் கேட்டால் "நீங்களோ?" என்றுதான் என் வாயில் முதலில் வரும். சங்கத்தில் மட்டும் இன்னும் யாரும் அவரை அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஓர் இடத்தையாவது காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த நாலு தரமும் கழற்றிப் பூட்டினார்.

கண்காட்சி நாளன்று விடிய எழும்பினால் ஜன்னல் முழுக்க வெள்ளை. இரவு முழுக்கக் கொட்டியிருக்கிறது, இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பலகையை எங்கள் கட்டிலிலிருந்த இரண்டு போர்வையாலும் சுற்றி, இரவல் வாங்கிய வான் வண்டியில் ஏற்றினோம். அரை மணித்தியாலத்தில் போகிற பாதைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வழியெல்லாம் அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் மறு கையால் பின்னால் எட்டிப் பலகையையும் பிடிக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில்தான் இரண்டு கையும் முன்னுக்கு வந்தன.

கண்காட்சி ஒரு கிராமத்துப் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. உள்ளே கோப்பியும் ஈரக் கம்பளியும் மணந்தன. எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஓர் அம்மா நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உயரமானவர், கழுத்தில் ஒரு பேனை தொங்கியது. ஒவ்வொரு பலகைக்கும் அவரிடம் ஒரு தாள் இருந்தது. திருகாணி, வயர், தண்டவாளம் துடைத்தாயிற்றா என்று வரிசையாகக் கேள்விகள். என் கணவர் தண்டவாளத்தை ரப்பராலும் பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியாலும் பளபளவென்று துடைத்து, அந்தக் கட்டத்தில் சரி போட்டார். பிறகு எல்லோரும் கூட்டத்துக்கென்று மண்டபத்தின் மறு மூலைக்குப் போனார்கள். நானும் பலகையும் தனியே நின்றோம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த எதுவும் பொட்டில்லாமல் வேலை தொடங்கியது கிடையாது. கார் வாங்கியபோது ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கினார். புது ஃபிரிஜ்ஜுக்கே சந்தனம் வைத்தவள் நான். பதினொரு மாத உழைப்பு வெறும் நெற்றியோடு போகலாமோ? அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. கைப்பைக்குள் எப்போதும் இருக்கிற திருநீற்றுச் சிமிழைத் திறந்து, போத்தல் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் தண்டவாளத்துக்குக் குறுக்கே குறி இழுத்தேன். மேடையின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. மனம் ஆறவில்லை, முடிவிலும் ஒன்று. சுற்றிவர வெள்ளைப் பனி என்பதால் காய்ந்ததும் கண்ணுக்கே தெரியவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குச் சோதனை ரயில் விட்டார்கள். சின்னச் சிவப்பு எஞ்சின், பின்னால் இரண்டு பெட்டி. எட்டுப் பலகை தாண்டிச் சுகமாக வந்தது. எங்கள் பலகையில் ஏறியது. மேடைக்கு வந்ததும் ஒரு வெட்டு வெட்டியது, நின்றுவிட்டது. யாரோ விரலால் தள்ளிவிட்டார்கள். இரண்டு அங்குலம் போய் மறுபடியும் நின்றது.

பொறுப்பாளர் அம்மா தாளைப் பார்த்தார். தண்டவாளம் என்ற இடத்தில் சரி இருந்தது. இந்த நாட்டில் தாளில் சரி போட்டால் சரிதான், அதற்குமேல் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். "அப்படியென்றால் மின்சாரம்தான்" என்றார்.

"மன்னிக்க வேண்டும், என் பிழை" என்று இவர் ஜெர்மனில் சொன்னார். யாரும் அவரை ஒரு குறையும் சொல்லியிருக்கவே இல்லை. சொல்லிவிட்டு வெட்டுக் குறடோடு பலகைக்கு அடியில் புகுந்தார்.

பத்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும். அதற்குள் சரிவராவிட்டால் இரண்டு பக்கத்து ரயில்களும் எங்கள் பலகைக்கு முன்னாலேயே திரும்பிப் போகும், பரவாயில்லை என்று அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். பலகைக்கு அடியிலிருந்து என் கணவருடைய இரண்டு சப்பாத்துக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த மனுஷனுக்கு நல்லதாக நடந்தால் என்ன குறைந்துவிடும்?

"இது ஏன் இப்படி நிற்கிறது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். மின்சாரம் தண்டவாளத்தால் வந்து சில்லு வழியாக எஞ்சினுக்குப் போகிறதாம். இடையில் எது வந்தாலும் நின்றுவிடுமாம். "விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசைகூடப் போதும். அதனால்தான் யாரையும் தொட விடுவதில்லை" என்றார்.

வலக்கையைப் பார்த்தேன். மூன்று விரலிலும் நகக்கண்ணில் வெள்ளை.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு துணியை எடுத்துக் கள்ளமாகத் துடைத்துவிட்டால் அவர்தான் ஏதோ திருத்தினார் என்றாகிவிடும். ஆனால் அவர் சாகும்வரை அந்த வயரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். குனிந்தேன்.

"இஞ்சேருங்கோ. ஒருக்கா வெளியில வாங்கோ."

"இப்ப கதைக்காதையும்."

"வயரில ஒண்டுமில்லையப்பா. நான்தான்... தண்டவாளத்தில திருநீறு பூசிப்போட்டன்."

பலகைக்கு அடியிலிருந்து மெல்லிய குரலில், "நான் மூண்டு வயரையும் வெட்டிப்போட்டன்" என்றார்.

எழும்பிப் போய் அந்த அம்மாவிடம் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். புனிதச் சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்று கேட்டார். மாட்டுச் சாணம் என்றேன், வேறு என்ன செய்ய? அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து அந்தச் சரியை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் நேரத்தை எழுதினார். துணியில் ஸ்பிரிட் ஊற்றி என் கையில் தந்தார்.

"அந்தச் சாம்பல் உதவுமா?" என்று கேட்டார்.

"வழக்கமாக உதவும்" என்றேன்.

தண்டவாளத்தை நான் துடைத்து முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. சனம் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. வெட்டிய வயர்களைத் திரும்பப் பற்றவைக்க அவருக்கு மூன்றாவது கை வேண்டும். நல்ல கம்பளிக் கோட்டோடு நிலத்தில் படுத்து நானும் உள்ளே நகர்ந்தேன். ஒரு கையில் கைத்தொலைபேசி வெளிச்சம், மறு கையில் சிவப்பு வயர். அவர் ஈயத்தை உருக்கினார். சனத்தின் சப்பாத்துகளிலிருந்து கரைந்த பனித்தண்ணீர் எங்கள் பக்கமாக ஓடி வந்து என் முதுகை நனைத்தது. அப்படியும் நான் வயரை விடவில்லை.

மேலே ஒருவர், ரயில் ஏன் இதற்கு மேல் போகவில்லை என்று கேட்டது காதில் விழுந்தது. பொறுப்பாளர் அம்மாவின் குரல் வந்தது: "பனி காரணமாகப் பாதை மூடப்பட்டுள்ளது. வேலை நடந்துகொண்டிருக்கிறது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனுஷியை அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பதினொரு மணிக்குக் கிட்ட என் கணவர் கடைசி வயரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பலகையைத் தட்டினார். மேலே யாரோ "விடுகிறோம்" என்றார்கள். எழும்பிப் பார்க்க நேரமில்லை, இருவரும் அப்படியே படுத்துக் கிடந்தோம். பக்கத்துப் பலகையில் சத்தம் தொடங்கியது. எங்கள் தலைக்கு மேலே ஏறியது. மேடை இருக்கிற இடத்துக்கு வந்தது. சத்தம் நிற்காமல் முகத்துக்கு மேலாலும் கால்களுக்கு மேலாலும் ஓடி அடுத்த பலகைக்குப் போய்விட்டது. சனம் கைதட்டியது.

"அப்ப என்ர வயரிங்கில ஒண்டுமில்லை" என்றார் அவர், பலகையைப் பார்த்தபடியே.

"இல்லை."

"அந்த நாலு தரம் கழட்டின இடம்?"

"அதிலயும் ஒண்டுமில்லை. முழுக்க என்ர பிழை."

அவர் தலையைத் திருப்பினார். மூக்கில் ஈயப் புகை கறுப்பாக அப்பியிருந்தது. ஏச்சு விழப்போகிறது, வாங்கிக்கொள்வோம் என்று கிடந்தேன்.

"இன்னொருக்காச் சொல்லும்."

"என்ர பிழையப்பா. உங்கட இல்லை."

அவருடைய முகம் முழுக்க ஒரு சிரிப்புப் படர்ந்தது. கலியாணம் கட்டிய இத்தனை வருஷத்தில் நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே மறுபக்கத்திலிருந்து அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்க எழும்பவில்லை. மூன்றாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.