ஏசுவதற்கு ஆளில்லை

இரண்டு பேர் சேர்ந்து ஒரு படத்தை அவ்வளவு ஏசினால், பதினொரு பேர் சேர்ந்து எவ்வளவு ஏசுவார்கள்! கணக்கு இவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன். என் மண்டைக்குள் இருப்பது பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் போர்ட் கொம்பனியில் இருந்தது நானும் ஓவியர் ஹனீபாவும் மட்டும்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைவது தொழில். நாலு மணித் தேநீருக்கு அன்றைய படத்தைச் சுவரில் சாத்திவைத்து ஏசுவோம். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. நான் வரைந்த துரைசானியைப் பார்த்து, "இந்த நோனாவுக்குப் பல்வலியா?" என்று ஹனீபா கேட்டது இன்னும் உறைக்கிறது. ஆனால் பல்வலியோடு ஒரு படமும் கடைக்குப் போனதில்லை!

உலகச் சண்டை வந்தது. வந்திறங்கிய வெள்ளைக்காரப் பட்டாளத்தை உள்ளே இழுக்கக் கடைக்குக் கடை இங்கிலீஷ் போர்ட் கேட்டார்கள். வெள்ளவத்தையில் பெரிய இடம் எடுத்தோம். புதிதாக ஒன்பது பேரைச் சேர்த்தேன். கெட்டிக்காரர்கள். மரியாதைக்காரர்கள் — அதுதான் வினை.

"எப்படி இருக்கு?" என்றால், "வடிவாய் இருக்கு, சேர்!" கோணல் எழுத்தும் வடிவு. வழிந்த பெயிண்டும் வடிவு. ஒரு மனிதனை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்?

போன கிழமை ஹனீபா தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மொதலாளி, நான் போறேன்."

"ஏன், ஹனீபா நானா? சம்பளம் போதாதோ?"

"சம்பளத்த விடுங்க. ஏசுறதுக்கு ஆளில்லாத எடத்துல கை பழுதாப் போகுது."

ஹனீபா போனால் மிச்சம் என்ன? பெயிண்ட் டின்னும் நானும்! எல்லோரையும் கூட்டி உத்தரவு போட்டேன்: நாலு மணிக்குக் கட்டாயம் ஏச வேண்டும், ஏசாதவருக்குத் தேநீர் இல்லை!

அன்று சுவரில் இருந்தது ஹனீபாவின் படம். மருதானையில் டிரங்குப்பெட்டி விற்கும் கடைக்கு வரைந்தது. பெட்டியின் மேல் யானை ஏறி நிற்கிறது, பெட்டி நசுங்கவில்லை.

"யானை அருமை... எண்டாலும் ஏசுங்கோ!" என்று நானே தொடக்கி வைத்தேன்.

எழுத்து வரையும் சிவபாலன் தொண்டையைச் செருமினார். "சொல்லச் சொன்னபடியால் சொல்லுறன், சேர். யானை கொஞ்சம் கூடுதலாய் வடிவாய் இருக்கு."

இதுவா ஏச்சு? கத்திய கத்தலில் தேநீரை என் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டேன்.

ஹனீபா எழும்பினார். "யானைக்கு எத்தின கால்? வேணுமெண்டே அஞ்சு போட்டேன். கண்டவங்க கையத் தூக்குங்க."

ஒன்பது பேரும் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"கண்டும் ஏன் சொல்லேல்லை?" என்று சீறினேன்.

"நீங்கள் முதலே அருமை எண்டு சொல்லிப் போட்டியள், சேர்," என்றார் சிவபாலன்.

ஹனீபா என்னைப் பார்த்தார். "நான் நிக்கிறேன். ஆனா நாலு மணிக்கு நீங்க வெளிய போகணும்."

என்ன அநியாயம்! என் கொம்பனி, என் வாடகை, என் தேநீர்... இப்போது தினமும் நாலு மணிக்கு வாசலில், காலிக்குப் போகும் பெரிய வீதியோரம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் வெயிலில் நிற்கிறேன். முதல் சில நாட்கள் உள்ளே சத்தமே இல்லை.

நேற்றுச் சுவரில் சாத்தியிருந்தது நான் வரைந்த படம். சிரிப்பு எதிர்க் கடைவரை கேட்டது.