ஏரலுக்குப் போன சைக்கிளும் ஒரு தூக்கு மோரும்

ஸ்வீடனில் நான் குடியிருக்கும் ஊரைச் சுற்றி ஏரிகள், ஏரிகளைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் சரளைக்கல் பாதை. அந்தப் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் விற்கிறார்கள். கிராவல் பைக் என்று பெயர். அதை வாங்கிய முதல் கோடையில், ஓர் ஏரிக்கரையில் டயர் பஞ்சராகி நின்றேன். என்னிடம் பம்ப் இல்லை. எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "பெஹேவர் டு யெல்ப்?" என்றார். உதவி வேண்டுமா என்று கேட்கிறார். "நேய் டாக்" என்றேன், வேண்டாம், நன்றி என்று. அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்? முதல் தடவை கேட்டவுடன் சரி என்று கையை நீட்டினால் காணாததைக் கண்டவன் என்று நினைத்துவிட மாட்டார்களா? அவர் மறுபடி கேட்பார், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று நான் இழுப்பேன், மூன்றாவது தடவை பம்ப்பைக் கையில் திணிப்பார் என்று சிரித்த முகத்தோடு நின்றேன். அவரும் சிரித்தார். பிறகு போயே போய்விட்டார். ஊசியிலைக் காட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை அந்த நாட்டு மொழியில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் லார்ஸிடம் புலம்பினேன். லார்ஸ் என் பக்கத்து மேஜைக்காரன்; சைக்கிள் பித்தை எனக்குத் தொற்றவைத்தவனும் அவன்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ வேண்டாம் என்றாயே" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன ஆறுதல். அன்றிலிருந்து நாக்கைப் பழக்கினேன். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். லார்ஸும் நானும் சனிக்கிழமை தவறாமல் காட்டுக்குள் போவோம். மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் மிதிப்போம், பேசமாட்டோம். அவனுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாட்டில் ஓர் உரிமை உண்டு: யாருடைய காட்டுக்குள்ளும் யாரும் போகலாம், பழம் பறிக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சுகத்துக்கு நான் நன்றாகவே பழகிப்போனேன். தாமிரபரணிக் கரையில் அதைவிடப் பழைய உரிமை ஒன்று இருப்பதை மறந்தும் போனேன். அங்கே யாரும் யாரையும் நிறுத்தி எதையும் கேட்கலாம்.

இந்த ஆனியில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். பாபநாசத்தில் தலையை நனைத்துவிட்டு, கால்வாய்க்கரையும் குளத்துக்கரையுமாகப் பிடித்து, கடலுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஏரல் வரை ஒரே நாளில் போய்விட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அக்காள் மகள் மீனாவுக்கு ஏரலில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்காளுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஏலே, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? தாய்மாமன் சைக்கிள்ல போயி எறங்குனா அவுக என்ன நினைப்பாவ?"

"வேன்ல வேட்டி சட்டையக் கொண்டாங்க, மாத்திக்கிடுதேன்" என்றேன்.

"மாத்திக்கோ. ஆனா அங்கன போயி கைய நனைச்சிராத. பிள்ள வேலைக்குப் போறதப் பத்தி பேசி முடிக்கணும். அதுக்கு முன்னால பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் வாயில படக்கூடாது."

மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாகிவிடும், அதன்பிறகு பேரம் பேச வாய் வராது. மீனா திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விடமாட்டேன் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வழக்கமில்லாவிட்டாலும், அந்தப் பேச்சைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அவளும் வேனில் வருவதாக இருந்தாள். "மாமா, எதாவது கெட்டுப்போனா அது ஒங்களாலதான்னு அம்மா சொல்லுதா. பாத்துக்கோங்க" என்று என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

விடியுமுன் கிளம்பினேன். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் நின்று, மாஞ்சோலைப் பாதையில் கொஞ்சதூரம் சைக்கிளில் ஏறிப் பார்க்கலாமா என்று ஒரு நப்பாசையில் கேட்டேன். "மேல யாரு இருக்கா இப்ப? தேயிலத் தோட்டத்த மூடி எல்லாருந்தான் எறங்கி வந்துட்டாவளே. நீங்க எதுக்கு சைக்கிள்ல ஏறணும்?" என்றார் காவலர். சைக்கிளைத் திருப்பிக் கால்வாய்க்கரையைப் பிடித்தேன். தண்ணீர் நிறைய ஓடியது. மருதமர நிழல், செம்மண், சக்கரத்துக்கடியில் நொறுங்கும் சரளை. லார்ஸ் பார்த்தால் மயங்கியிருப்பான். மயங்கி முடிப்பதற்குள் கேள்விகள் தொடங்கிவிட்டன.

"பைக் என்னாச்சு, அண்ணாச்சி?" என்றார் டீக்கடைக்காரர். நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி என் இறுக்கமான கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வேண்டுதலா?" என்றாள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகரா? எந்த டாக்டர் சொன்னாரு?" என்று விசாரித்தார். வைக்கோல் ஏற்றிப்போன லாரி நின்றது, சைக்கிளைத் தூக்கி மேலே போடுங்கள் என்று. வேண்டாம் என்று சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் மூன்று தடவை கேட்டார்கள், சிலர் ஐந்து தடவையும் கேட்டார்கள். ஸ்வீடனில் ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இங்கே ஒவ்வொரு மடையிலும் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. சேரன்மாதேவி தாண்டியதும் அக்காள் போன் செய்தாள். "ஒனக்கு வேலை போயிட்டுன்னு பேசிக்கிடுதாவளேலே! சைக்கிள்ல ஊர் ஊரா சுத்துதியாமே!"

ஏரலுக்கு முந்தின குளத்துக்கரையில் ஏறும்போது வெயிலும் பசியும் சேர்ந்து மண்டையைப் பிளந்தன. எதிரே ஒரு பெரியவர் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். தோளில் துண்டு, ஹேண்டில்பாரில் ஒரு தூக்குச்சட்டி.

"நில்லும் வே. மோர் குடியும்" என்றார்.

"வேண்டாம்."

"சங்கடப்படாதீரும். ஒரு வாய் குடிச்சிட்டு வண்டில ஏறும். சைக்கிளப் பொறத்தால கட்டிக்கிடலாம். நான்..."

அவரை முடிக்க விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அண்ணாச்சி, எனக்கு வேலையும் போகல, வேண்டுதலும் இல்ல, சுகரும் இல்ல. வேண்டாம்னா வேண்டாம். வழிய விடுங்க!" என்று கத்திவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு மிதித்தேன். ஸ்வீடனில் கற்ற பாடம் கடைசியில் உதவியது என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மொபெட் சத்தம் பின்னாலேயே வந்தது. வேகமாக மிதித்தால் வேகமாக வந்தது, மெதுவாகப் போனால் மெதுவாக வந்தது. கரை முடிந்து தெருவுக்குள் திரும்பினேன், அதுவும் திரும்பியது. விசாரித்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கினேன். மொபெட்டும் அதே வாசலில் நின்றது.

அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மாமன்காரன் சைக்கிளில் வருவதை அக்காள் வெட்கத்தோடு போனில் சொல்லியிருக்கிறாள். வெயிலில் வருகிற ஆளை அழைத்துவர அவர் தாமே கிளம்பியிருக்கிறார்.

எங்கள் வேன் முன்னமே வந்திருந்தது. வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் அவர் தூக்குச்சட்டியை நடுக்கூடத்தில் வைத்தார். "மாமன்காரர்ட்ட ரெண்டு தடவ கேட்டேன். வேண்டாம்னுட்டாரு" என்றார். பேச்சு முடியட்டும் என்று தள்ளிப்போடுவது வேறு; சம்பந்தி வீட்டு மோரைத் தாய்மாமன் நடுவழியில் தட்டிவிட்டான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காள் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். மீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ரெண்டு தடவ வேண்டாங்கிறது மரியாதைக்கி. எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியப்பா. "மூணாவது தடவ கேக்கலாம்னு பொறத்தாலேயே வாரேன், மனுசன் நின்னாத்தானே! இப்பக் கேக்கேன். குடிக்கீரா?"

அக்காள் புருவத்தால் வேண்டாம் என்றாள். வேலைப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. மோரில் உப்பு வேறு கிடக்கும். உப்பு விழுந்தால் அது சாப்பாட்டில் சேர்ந்துவிடும். நான் மீனாவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து, லேசாகத் தலையசைத்தாள். தூக்கை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தேன். பாபநாசத்திலிருந்து சேர்த்துவைத்த தாகம்.

"அப்போ சம்பந்தம் முடிஞ்சிட்டு" என்றார் பெரியப்பா.

"நான் வேலைய விடமாட்டேன்" என்றாள் மீனா, எல்லாருக்கும் கேட்கும்படி.

"விடச்சொல்லி யாரு கேட்டா?" என்றவர் உள்ளே திரும்பி, "இலையப் போடுங்கட்டி" என்று குரல் கொடுத்தார். அக்காள் முதலில் அழுதாள், பிறகு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஸ்வீடனுக்குத் திரும்பி வந்த பிறகு, போன சனிக்கிழமை. ஏரியோரத்துச் சரளையில் லார்ஸ் சறுக்கி விழுந்தான். முழங்காலில் ரத்தம், பின்சக்கரம் வளைந்துவிட்டது. உதவி வேண்டுமா என்றேன். "நேய் டாக்" என்றான். இந்த ஊர் முறைப்படி நான் கிளம்பினேன். திருப்பம் வரை போனேன், அதற்குமேல் கால் மிதிக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டேன். அவன் விநோதமாகப் பார்த்து, "நான்தான் வேண்டாம் என்றேனே" என்றான். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினான். நான் ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைச் சரளையிலும் வைத்து, தள்ளித் தள்ளி அவன் பின்னாலேயே, மொபெட்டைப் போல, போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை எப்படிக் கேட்பது என்று ஸ்வீடிஷில் எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.