மிச்ச மாத்திரை டப்பா

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் ஒரு கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். ஒருவர் படுத்தால் தறியே படுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வர அனுமதி கிடையாது.

அதற்கென்றே ஒரு பழைய முறுக்கு டப்பா வைத்திருந்தேன். டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போடுவோம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ நின்றதும் மிச்சம் டப்பாவுக்குப் போய்விடும். அடுத்து யாருக்கு முடியவில்லையோ, அவருக்கு அதிலிருந்து இரண்டு. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் வைத்தியம். 'டாக்டரம்மா' என்று கிண்டல் செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

செவிலிமேட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் கோழி பிரியாணி மிஞ்சியதென்று ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார்கள். அந்த வெயிலில் மறுநாள் மதியம் வரை வெளியிலேயே வைத்திருந்து வீட்டுக்காரருக்குப் பரிமாறியது நான்தான். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம், தொடவில்லை. சாயங்காலமே அவருக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. டப்பாவிலிருந்து இரண்டு கொடுத்தேன். கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது, தறியில் உட்கார்ந்தார். பிறகு காய்ச்சல். வேறு கலரில் இரண்டு கொடுத்தேன். ஐந்தாம் நாள் தறிக்குழியிலிருந்து எழ முடியாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. ஐயோ, அந்தப் பார்வை! ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அங்கிருந்த இளம் பெண் டாக்டர் கேட்டார். நான் என்னவோ சாதனை செய்தவள் மாதிரி, ஆள் அனுப்பி டப்பாவையே வரவழைத்து மேஜை மேல் வைத்தேன். அவர் கொட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. "முக்காவாசி மருந்துக்கு இந்தக் கிருமி அசையலம்மா. எல்லாம் உங்களாலன்னு சொல்ல மாட்டேன். கோழிங்களுக்கே பண்ணையில இந்த மருந்தெல்லாம் குடுத்து பழக்கி வெச்சிருக்காங்க. ஆனா நீங்க அரைகுறையா குடுத்ததுல அஞ்சு நாள் போயிடுச்சு" என்றார். கேட்கிற மருந்து ஒன்று இருந்தது. பத்து நாள் ஊசி, ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அழுகை நின்றதும் என் புத்தி அடுத்த கோணலுக்குப் போனது. இங்கிலீஷ் மருந்தே சனியன், இனி ஊசியும் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கைவைத்தியமே பார்ப்போம் என்று முடிவு கட்டினேன். சுக்கு, மிளகு, லவங்கம் தட்டிப் போட்டு ஒரு பிளாஸ்க் கஷாயத்தோடு வந்து நின்றேன். ரத்தம் எடுக்க வரும் லேப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். படிக்கும்போது லவங்க எண்ணெயைக் கிருமி வளர்த்த தட்டில் விட்டு அவளே சோதனை செய்திருக்கிறாளாம். எண்ணெய் பட்ட இடத்தைச் சுற்றிக் கிருமியே வளரவில்லையாம். பார்த்தாயா என்று நான் குதித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தட்டுல சாவுறது வேற, உடம்புக்குள்ள சாவுறது வேற. எவ்ளோ குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் இருக்காங்க. நாளைக்கு இதுலேர்ந்தே நல்ல மருந்து வரலாம். இன்னைக்கு அண்ணனுக்கு ஊசிதான்கா."

கஷாயத்தை நானே குடித்தேன்.

நான்காம் ஊசிக்குக் காய்ச்சல் விட்டது. உடனே அவர், நின்றுவிட்டதே, கிளம்பலாம், முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது என்று ஆரம்பித்தார். இத்தனை வருடம் நான் பேசிய அதே பேச்சு! சேலைக்கு ஆர்டர் கொடுத்தவருக்குப் போன் போட்டு, சொன்ன தேதிக்கு வராது என்று சொல்லி, அவர் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். பத்து ஊசியும் முடியும்வரை அவர் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

கடைசி ஊசி போட்ட அன்று அவரிடம் சண்டைக்குப் போனேன். முதல் மாத்திரை கேட்கவில்லை என்று தெரிந்தும் அடுத்ததை ஏன் வாயில் போட்டுக்கொண்டீர்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். என் மேலேயே எனக்கு இருந்த கோபம்தான் அது.

"நீதானம்மா குடுத்த" என்றார்.

இப்போது தெருவில் யார் வந்து கேட்டாலும் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். ஆனால் அவர் மட்டும் மாறவில்லை. நான் எது கொடுத்தாலும் என்னவென்று பார்க்காமல் இன்றைக்கும் உள்ளங்கையை நீட்டுகிறார், அந்தக் கையில் எதை வைப்பதற்கும் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.